நிகலாய் என்று எழுதுங்கள்

நம் கோச் நிகலாயை ஒன்பது நாள் பிணவறையில் அநாதையாகக் கிடக்கவிட்டவர்கள் தோட்டத்திலும் அணியிலும் இருக்கும் நாம்தான். வேறு யாரையும் கைகாட்ட வேண்டாம்.

செய்தி எனக்கு முதல் நாளே வந்தது. கொழும்பில் துணிக்கடையில் வேலையில் நின்றிருந்தேன். எங்கள் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர் முத்துலெச்சுமி லிந்துலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அழைத்தாள்.

"ஏய், நம்ம ரஷ்யாத் தொரை போயிட்டாராம்டி. நெஞ்சுச் சளியாம். நுவரெலியா ஆஸ்பத்திரியில."

"யாரு போயிருக்கா?"

"பங்களாவுல பாத்துக்குவாங்க. தொரைக்குத் தொரைமாருதானே."

எனக்கும் அது சரியாகவே பட்டது. போனை வைத்துவிட்டு, பாதியில் விட்ட சேலையை மடித்து முடித்தேன். தோட்டத்து மேனேஜர் பங்களாவில் இருந்தவர்களோ, கோச்சுக்கு அவருடைய அணிப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தோட்ட ஆபீசுக்கு மறுபடி அழைப்பு வந்த பிறகுதான், அவரைக் கேட்டு ஒருவரும் போகவில்லை என்று தெரிந்தது.

அவர் யார் என்று நம்மில் பலர் கேட்டதே இல்லை. ரஷ்யாவில், ஆறு உறையும் ஒரு ஊரில் பிறந்தவர். அங்கே ஒரு சின்னக் கழகத்தில் ஆடிவிட்டு, இளம் வயதிலேயே வெளிநாட்டுக்குக் கிளம்பினார். துருக்கி, மாலைதீவு, கடைசியில் கொழும்பு. முழங்கால் போனதும் கோச் ஆனார். கொழும்புக் கழகம் அவரை விட்டதும், தோட்டத்துப் பெண்கள் அணிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இங்கே வந்தார். லிந்துலை டவுனில் ஒரு கடைக்கு மேலே அறை. "வெளிநாடு போன ஆட்டக்காரனுக்கு ரெண்டு ஊர்லயும் ஓரத்துப் பெஞ்சுதான்" என்பார், கொழும்பில் பிடித்த சிங்களத்தையும் எங்களிடம் பிடித்த தமிழையும் கலந்து.

அவர் மைதானத்துக்கு வந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? கொழுந்து நிறுக்கப் போன பெண்கள் அவரைக் கண்டதும் கூடையை இறக்கிவைத்து, தலைத்துண்டை எடுத்து ஒதுங்கி நின்றார்கள். வெள்ளைக்காரத் தொரைமார் போய் எவ்வளவோ காலம். இன்று பங்களாவில் இருப்பவர் நம் நிறம்தான். ஆனாலும் வெள்ளைத் தோலைக் கண்டதும் கை தானாகத் தலைக்குப் போனது. நிகலாய் திரும்பிப் பார்த்தார், தனக்குப் பின்னால் யாரோ வருவதாக நினைத்து.

நாங்களும் அப்படித்தான். பயிற்சியில் அவர் பந்தோடு வந்தால் பதினொரு பேரும் வழி விட்டோம். கோல் வரை நடந்தே போனார். முத்துலெச்சுமியும் நகர்ந்து நின்றாள். அவர் பந்தின் மேல் உட்கார்ந்து, "நான் என்ன, மாடா? எல்லாம் வழி விடுறது?" என்றார்.

"மாடுன்னா வெரட்டியிருப்போம் தொரை" என்றாள் முத்துலெச்சுமி. எல்லோரும் வாயைப் பொத்திச் சிரித்தோம்.

"தொரை இல்ல. நிகலாய்."

அவரிடம் ஒரே விதிதான் இருந்தது. பந்து வேண்டுமென்றால், வைத்திருப்பவளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். "பேர் சொல்லு! பேர் சொல்லு!" என்று கோட்டோரம் ஓடிக்கொண்டே கத்துவார். நாங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லக் கற்றோம். எங்களை வேலை வாங்கும் கங்காணியின் மகளைக்கூட. அவரை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஒருமுறை தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தார். அவராகக் கேட்டுத்தான் வந்தார். அம்மா கடையில் சாசரோடு கோப்பை இரவல் வாங்கி வந்தாள். இருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்காரவைத்துவிட்டு, அப்பா, அம்மா, தம்பி, நான், நான்கு பேரும் சுவரோடு நின்றோம்.

"உட்காருங்க" என்றார்.

"பரவாயில்லைங்க தொரை" என்றார் அப்பா.

அவரும் எழுந்துவிட்டார். காலியான நாற்காலியைச் சுற்றி ஐந்து பேர் நின்றோம். தேத்தண்ணியைச் சூட்டோடு குடித்துவிட்டுப் போனார். பிறகு எந்த வீட்டுக்கும் வருகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நாமும் கூப்பிடவில்லை. கடைசியில் நோய் வந்தபோதும் பஸ் ஏறித் தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

அந்தத் தேத்தண்ணிக்கு அடுத்த நாள் பயிற்சியில், வெட்கமோ கோபமோ, அவர் காலில் இருந்த பந்தைச் சறுக்கிப் பறித்தேன். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். முழங்காலைப் பிடித்துக்கொண்டே அவர் சிரித்த சிரிப்பை அதற்கு முன்போ பின்போ நான் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பும், பந்து கேட்கும்போது பெயர் சொல்லும் பழக்கமும்தான் அவரிடமிருந்து என்னிடம் மிச்சம்.

அடக்கம் செய்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். வேதக் கோயில் பக்கத்துப் பழைய வெள்ளைக்காரத் தொரைமார் கல்லறைகளின் நடுவில். "அதுதான் மரியாதை" என்றீர்கள். அங்கே ஒரு பலகை நட்டு, 'ரஷ்யா தொரை' என்று எழுதினீர்கள்.

நானே போய் மாற்றி எழுதிவிடலாம். அப்படி எழுதினால் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது நான் ஒருத்தி மட்டும் என்று ஆகும். அணியின் வாட்ஸ்அப்பில் மூன்று தடவை போட்டுவிட்டேன்: "பலகைய மாத்துங்க. நிகலாய்னு எழுதுங்க."

மற்றப் பத்துப் பேரும் பார்த்திருக்கிறார்கள். முத்துலெச்சுமி மட்டும் ஒரு கும்பிடும் கை போட்டிருந்தாள்.

மறுபடியும் கேட்கிறேன். பேர் சொல்லுங்கள்.