இறக்கம் எங்கே?

தாராவியில் கைப்பைப் பட்டறை வைத்திருக்கும் ஜுவைரியாவுக்கு முடியாது என்று சொல்லவே வராது. செம்பூரில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ரஞ்சனா டீச்சர், "தடவிப் பார்க்கிற மாதிரி சஹ்யாத்ரியை, அதான் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையைத் தோல்ல செஞ்சு தர முடியுமா?" என்று கேட்டதும் தலையை ஆட்டிவிட்டாள். "அந்தப் புள்ளைங்களுக்கு விரல் சொல்றதுதான் மலை. தப்பாயிட்டா ஆயுசுக்கும் தப்புதான்" என்று டீச்சர் சொன்னது மட்டும் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது.

மலை அவளுக்குப் புதிதா என்ன? கடையநல்லூர்க்காரி. ஊரில் நின்று மேற்கே பார்த்தால் சுவர் மாதிரி நிற்கும். பம்பாய் முதல் குமரி வரைக்கும் அதே சுவரைக் கிழக்கு முகமாகவே நிமிர்த்தினாள். ஈரத் தோலைப் பலகைமேல் இழுத்து, மரக்கரண்டிக் காம்பால் அழுத்தி, காயவும் வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

புதன்கிழமை காலை, கணவர் அப்துல் வாஹித்தோடு பைகளை எடுத்துக்கொண்டு புனேவுக்கு ரயிலேறினாள். ஊருக்குப் போகும் ரயில் இதே மலையை ராத்திரியில்தான் ஏறும். கல்யாண் தாண்டுமுன் குறட்டை விடுகிறவள் எதைக் கண்டாள்? மலையடிவாரத்துக் கர்ஜத்தில் பின்னால் இன்னொரு எஞ்சின் மாட்டித் தள்ளினார்கள். சுரங்கம், கிடுகிடு பள்ளம், மறுபடி சுரங்கம். ஜன்னலை விட்டு அவள் முகம் நகரவேயில்லை. ஏறி முடித்து லோனாவ்லாவில் வண்டி நின்றது.

"ஏங்க, எறக்கம் எப்ப வரும்?"

"எறக்கமா? இனி புனே வரைக்கும் ஏறக்குறைய சமதரதான் புள்ள."

"அல்லாவே! இந்தப் பக்கம் செவுரு கடலைப் பாத்துலா நிக்கி! நான் மாத்தி வச்சிருக்கேன். பைகள நீங்களே கொண்டு போங்க!"

சொல்லிவிட்டு பிளாட்பாரத்தில் இறங்கியேவிட்டாள். அடுத்த வண்டியில் தாராவி. பர்தாவைக்கூடக் கழற்றாமல் வெந்நீரில் துணியை நனைத்துத் தோல்மேல் விரித்தாள். தோல் இளகியது. தெற்கே ஊர்ப்பக்கச் சுவர் சரிதான், அதைத் தொடவில்லை. வடக்கே மட்டும் சுவரைக் கடல் பக்கம் திருப்பி, கிழக்கே மேடாகவே நீட்டிவிட்டாள். இத்தனை வருஷம் தூங்கிக்கொண்டே கடந்த மலை!

வெள்ளிக்கிழமை, ஏழாம் வகுப்பு ஜோயா பம்பாய்க் கடலில் விரலை வைத்தாள். விரல் ஏறியது. உச்சியைத் தாண்டியது. இன்னும் கொஞ்சம் போய்த் தயங்கி நின்றது.

"அரே ஆண்டி, எறக்கம் எங்க?"

ஜுவைரியாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "கெடையாதுடி கண்ணு! எறக்கமே கெடையாது!" என்று கத்தினாள்.

வகுப்பு மொத்தமும் பெஞ்சை விட்டு எழுந்து, பலகையைத் தேடிக் கையை நீட்டிக்கொண்டு வந்தது.