அசையாத கொண்டை ஊசி

ஸ்கேன் அறை வாசலுக்கு வந்ததும் அவள் கை தானாகத் தலைக்குப் போகும். கொண்டையில் ஊசி ஏதும் மிச்சமிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பாள். பதினாறு வருடப் பழக்கம். காய்கறி வாங்கப் போனாலும் கடை வாசலில் கை தலைக்குப் போய்விடும்.

ஒரு சின்ன ஸ்கேன் சென்டரில் நோயாளிகளின் சாவி, கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி வாங்கித் தட்டில் வைப்பது அவள் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் ‘செக்போஸ்ட்’. வாயைத் திறக்க யோசிப்பாள். கண்ணுக்கு மட்டும் ஓய்வே கிடையாது.

பழைய எம்.ஆர்.ஐ. மெஷினின் காந்த பலம் ஒன்றரை டெஸ்லா. ஒருமுறை மறந்துபோய் ஊசியோடு உள்ளே போனவளை, பாதி வழியிலேயே யாரோ முடியைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. பதறி வெளியே ஓடி வந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அந்த மெஷினை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்கள். வாசலில் ‘3 டெஸ்லா’ என்று பெரிய போர்டு மாட்டினார்கள். அந்த மாதமே மறுபடியும் ஒரு ஊசி அவளை ஏமாற்றிவிட்டு உள்ளே வந்தது. படுக்கை அருகில் போகும்வரை அது அசையவே இல்லை.

மெஷினை இயக்கும் டெக்னீஷியன் அக்காவிடம் கேட்டாள். பதினாறு வருடமாக ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள் இருவரும்.

“புதுசுல காந்தத்தச் சுத்தித் தடுப்பு வெச்சிருக்காங்க, செக்போஸ்ட்டு. வெளியே பூனை, உள்ளே புலி” என்றாள் அக்கா.

அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து வருகிறவர்களிடம் ‘நம்ம மெஷின் மூணு டெஸ்லா’ என்பதை மட்டும் வாய் திறந்து பெருமையாகச் சொல்வாள்.

அப்புறம்தான் மகளுக்கு வலது காதில் ஓயாமல் ஒரு இரைச்சல். போனில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்கிற வேலை அவளுக்கு. காதுதான் சோறு போடுகிறது. தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

“பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்மா.”

“அங்க வெறும் ஒன்றரைதான்டி. நம்மகிட்ட மூணு இருக்கு.”

டெக்னீஷியன் அக்காவே மகளைப் படுக்கவைத்து, காதில் பஞ்சு அடைத்து, கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். குறை எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. எட்டு மாதத்தில் அந்தக் காது முழுசாக அடைத்துப்போனது. பெரிய ஆஸ்பத்திரியின் ஒன்றரை டெஸ்லாவில், காது நரம்பை ஒட்டி ஒரு சின்னக் கட்டி பளிச்சென்று தெரிந்தது.

மூணு டெஸ்லாவில் எடுத்தது என்று அவள் நீட்டிய பழைய ஸ்கேனின் சிடியை அங்கிருந்த டாக்டர் போட்டுப் பார்த்தார்.

“மூணுன்னு யாரும்மா சொன்னா? மெஷின் தன் பலத்தைத் தானே இதுல எழுதி வெச்சிருக்கு. அரை டெஸ்லா. படம் பூரா மணல் தூவின மாதிரி இருக்கு பாருங்க.”

அவள் புரியாமல் விழித்தாள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். “காந்தம் பலமா இருந்தா உடம்பு தர்ற சிக்னல் பலமா வரும். காந்தம் பலவீனமா இருந்தா சந்தையில மெதுவா பேசுறவங்க பேச்சு மாதிரி, இரைச்சல்ல அமுங்கிப் போயிடும். திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கணும். அதுக்கு நேரம் ஆகும். இவங்க அவசர அவசரமா முடிச்சிருக்காங்க.”

மெதுவாகப் பேசுகிறவளுக்கு அது நன்றாகவே புரிந்தது. வாசலில் ஆள் குவிந்தால், “சட்டுபுட்டுனு அடுத்த ஆளை அனுப்பு” என்று அக்கா குரல் கொடுப்பதும் நினைவுக்கு வந்தது.

மறுநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்முன் கேட்டாள். “உங்களுக்குத் தெரியுமாக்கா?”

அக்கா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தெரியும். எங்கயோ கழிச்சுப்போட்ட அரை டெஸ்லா மெஷினை வாங்கி மேல் உறையை மட்டும் மாத்தினாங்க. வெளிய சொன்னா வேலை போயிடும்னு முதலாளி சொல்லிட்டாரு.”

“என் புள்ளையப் படுக்க வெச்சீங்களே. எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே?”

“நீதான் வர்றவங்க எல்லார்கிட்டயும் மூணு மூணுன்னு பெருமை பேசிட்டிருந்த. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?”

பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. “நீங்க சொன்னதத்தானேக்கா நான் சொன்னேன்!”

திறக்காத டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மகளுக்குக் கட்டியை எடுத்துவிட்டார்கள். வலது காதுக்குக் கேட்கும் சக்தி திரும்பவில்லை. இடது காதில் போனை வைத்து அதே வேலையைப் பார்க்கிறாள். அம்மா அவளுக்கு இடப்பக்கம்தான் உட்காருகிறாள். இப்போது அம்மாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்கேன் வாசலில் வேலை. அக்கா பழைய இடத்திலேயே இருக்கிறாள். மூன்று டெஸ்லா போர்டும் அங்கேயேதான் தொங்குகிறது.