ஃப்ரீமான்ட் நடைமேடையில் ஒரு ஸ்வரம்

ஃப்ரீமான்ட் ரயில் நிலையத்தில் சான் பிரான்சிஸ்கோ வண்டிக்காக நிற்கிறேன். பக்கத்து பெஞ்சில் கறுப்புக் கோட்டு போட்ட தமிழர் ஒருவர், ஸ்பீக்கரில் போட்ட போனில் "ஆ..." என்று ஒரே ஒரு ஸ்வரத்தைத் தாழ்ந்த குரலில் பாடிவிட்டுக் காத்திருக்கிறார். மறுமுனையில் வெறும் காற்றுச் சத்தம்.

நான் பார்ப்பதைக் கவனித்து, போனை மியூட் செய்துவிட்டுப் பேசுகிறார். பெயர் அருள், மதுரைக்காரர். ஓபராவில் பாடுகிற பாரிடோன். மைக் இல்லாமலே அரங்கத்தை நிரப்ப வேண்டிய கனத்த குரல். இன்று மாலையும் மேடை இருக்கிறது. நிகழ்ச்சி இல்லாத நாட்களில் பாட்டு வகுப்பு எடுக்கிறார்.

"லைன்ல இருக்கறது என் ஸ்டூடன்ட், லலிதா ஆன்ட்டி. ரிடையர் ஆனப்புறம் ஆசைப்பட்டு பாட வந்தாங்க. தைராய்டு ஆபரேஷனுக்கு அப்புறம் குரலே வரல. டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான், மூணு மாசமா தினமும் இப்படி ட்ரை பண்றோம் சார்."

வண்டி வந்து கதவு திறக்கிறது. அவர் எழுந்திருக்கும்போது போனிலிருந்து கரகரப்பாக, நூல் போல மெலிந்து, "ஆ..." என்று வருகிறது. அதே ஸ்வரம்.

அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்.

"இந்த வண்டியை விட்டா மேக்கப்புக்கு லேட் ஆயிடாதா?" என்கிறேன்.

"ஆகும் சார், திட்டுவாங்க. ஆனா வண்டி டனல்ல போறப்ப சிக்னல் போயிடும். இப்ப கட் ஆகக் கூடாது."

கதவு மூடி வண்டி கிளம்புகிறது. நானும் ஏறவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மியூட்டை எடுத்துவிட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார்.

"அருள்," என்று கிசுகிசுக்கிறது போன். "பாடினது நானாப்பா?"

"நீங்கதான் ஆன்ட்டி. இன்னொரு தடவை பாடுங்க."