நுரைக்காத தொட்டி

கெர்லிண்ட நிலவறைப் படியிறங்கி, தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். பியருக்காகக் காய்ச்சி ஊற்றிய பார்லிச் சாறு அப்படியே கிடந்தது. ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு இல்லை, ஒரு குமிழி இல்லை. ஈஸ்ட் போட்டு இரண்டாம் நாள் முடியப் போகிறது. வேறு யாராக இருந்தாலும் பதறி மேலே ஓடியிருப்பார்கள். அவள் மூடியை மெல்லச் சாத்தினாள், குழந்தை தூங்குகிற அறைக் கதவைச் சாத்துவது போல.

காரணம் அவளுக்குத் தெரியும். ஊர்ப் பொதுக் கொட்டகையில் காய்ச்சிய சாற்றை அகலத் தட்டில் ஆறவிட்ட இரவு உறைபனி கொட்டியது. அவர்கள் காய்ச்சும் லாகர் வகை பியருக்குக் குளிர் வேண்டும்தான். ஆனால் அந்த அளவு குளிரில் ஈஸ்ட் விறைத்துப்போய் அடியில் படுத்துக்கொள்ளும். பால் கேனில் வெந்நீரை ஊற்றி, இறுக மூடித் தொட்டிக்குள் இறக்கிவைத்தால் எழுந்துவிடும். கேன் மூலையில்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

பியர் காய்ச்சும் உரிமை அந்த ஊரில் ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. அப்படி ஒரு வீட்டுக்குத்தான் அவள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாதத்துக்கு ஒருமுறை, தங்கள் முறை வரும்போது, பியர் தயார் என்பதற்கு அடையாளமாக வாசலில் நட்சத்திரத்தைத் தொங்கவிட்டால் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து குடிக்கலாம், சாப்பிடலாம். அவளுடைய கூடத்தில், அவளுடைய சோபாவை ஒதுக்கிவிட்டுப் போட்ட பெஞ்சுகளில், முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்வார்கள். "கெர்லிண்ட, இந்தப் பக்கம் ரெண்டு!" "என்ன கெர்லிண்ட, வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமா?" நாலு பேர் பார்த்தாலே கழுத்துவரை சிவந்துபோகிற பெண் அவள். போகப் போகப் பழகிவிடும் என்றார்கள். தலை நரைத்தது, பழகவில்லை. சிரித்துவைக்கக் கற்றுக்கொண்டாள், அவ்வளவுதான்.

போன மாதம் அவள் கணவர் ஹூபெர்ட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்படி மேசையில் உட்கார்ந்து, தானாகவே பேச்செடுத்தார்.

"இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு இன்னும் எத்தன நாளைக்குடி? நானா நிறுத்த மாட்டேன். செத்துப்போன எங்கப்பனுக்கு யாரு பதில் சொல்றது? ஆனா ஒரு தொட்டி கெட்டுப்போச்சுன்னு வையி, அதோட சரி. நம்ம முறைய ஊருக்கே விட்டுட்டு, வைடன் டவுன்ல நம்ம பொண்ணு யூடித் வீட்டுப் பக்கம் ஒரு ஃப்ளாட் பாத்துக்குவோம்."

ஒரு தொட்டி. அன்றிலிருந்தே கெர்லிண்ட மனதுக்குள் அந்த ஃப்ளாட்டில் குடியிருந்தாள். மகள் மட்டும் வந்து போகிற வீடு. கதவைச் சாத்தினால் சாத்தியதுதான்.

"என்னடி, கெளம்பிச்சா?" படி முகப்பிலிருந்து ஹூபெர்ட் குரல் கொடுத்தார். கீழே இறங்க இடுப்பு விடாது.

இல்லையென்று சொன்னால் கேனை இறக்கச் சொல்வார். இன்னும் கொஞ்சம் இப்படியே கிடந்தால் தானாகப் புளித்துக் கெட்டுவிடும். பிறகு, பாதியில் நின்றுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

"கெளம்பிடுச்சுங்க. நல்லா நுரைக்குது."

அதை அவர் மதில்மேல் சாய்ந்து பக்கத்து வீட்டு ரோஸ்வித்தாவிடம் சொல்வார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சற்று நேரத்தில் ரோஸ்வித்தா வாளியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே கொப்பரையில் காய்ச்சிப் பாதிப் பாதியாகப் பிரித்த சாறு அது. விதவையான ரோஸ்வித்தாவுக்குத் தொட்டிதான் சோறு.

"என்னோடது பொணமாட்டம் கெடக்குடி. உன்னோடது பொங்குதாமே? நாலு கரண்டி நுரை குடு, போதும்."

"குடும்மா, குடு," என்றார் ஹூபெர்ட் பெருமையாக.

நுரையில் இருக்கும் ஈஸ்ட்டை இல்லையென்று சொன்ன வீடு அந்த ஊரில் கிடையாது. கெர்லிண்ட வாளியை வாங்கிக்கொண்டாள். "நீ இரு. நானே எடுத்துட்டு வரேன்."

கீழே போனதும் மூடியைத் திறந்தாள், ஏதோ இதற்குள் பொங்கியிருக்கும் என்பதுபோல. இல்லை. பீப்பாய் உருட்டுகிற சின்னக் கதவு ஒன்று சந்துப் பக்கம் இருந்தது. அதன் வழியாக ஓடி மேலத்தெரு பென்னோ வீட்டில் நுரை வாங்கிவரலாம். இரண்டு கையாலும் தள்ளினாள். வெளியே பனி இறுகிக் கிடந்தது, கதவு அசையவில்லை. வெறும் வாளியும் அவளும் மட்டும் அங்கே. மேலே ஹூபெர்ட் எதற்கோ சிரித்தார். பிறகு ரோஸ்வித்தாவின் செருப்புச் சத்தம் படிகளில் இறங்கி வந்தது.

ரோஸ்வித்தா தொட்டியைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அடிப்பாவி, உன்னோடதும் இதே கதிதானா? அந்த மனுஷன்கிட்ட சொல்லப் பயந்துட்டியாக்கும்?"

இல்லை, எழும்பக் கூடாதென்றுதான் விட்டேன். இவளிடம் போய் அதை எப்படிச் சொல்வது? கெர்லிண்ட ஆமென்று தலையை ஆட்டினாள்.

"இதுக்குப் போய் மறைப்பாங்களா? வா, பென்னோகிட்டப் போவோம். அவரு தொட்டி முந்தாநாளே நுரையில தலப்பாகை கட்டிடுச்சு. உன் வீட்டுக்காரருக்கு மூச்சு விட மாட்டேன், போதுமா?"

வாளியைத் துணியால் மூடிக்கொண்டு, ரோஸ்வித்தா வீட்டுக்குப் போவதாக ஹூபெர்ட்டிடம் சொல்லிவிட்டு இருவரும் வெளியேறினார்கள். பென்னோ கேள்வி கேட்காமல் ஒரு வாளி நிறைய நுரையும் ஈஸ்ட்டும் அள்ளிக் கொடுத்தார். திரும்பி வரும்போது கெர்லிண்ட ஒரே ஒரு முறை முயன்று பார்த்தாள்.

"முழுசும் நீயே ஊத்திக்க ரோஸ்வித்தா. எனக்கு வேணாம்."

"பைத்தியமாடி உனக்கு? உன் தொட்டிய நாசமாக்கிட்டு நான் பொழைக்கவா? உனக்குத்தான் மொதல்ல."

சொன்னபடியே செய்தாள். சந்துப் பக்கப் பனியைக் காலால் உதைத்து உடைத்து, சின்னக் கதவு வழியாக நுழைந்து, பாதி வாளியைக் கெர்லிண்டவின் தொட்டியில் கவிழ்த்தாள். தன் வீட்டிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து நிரப்பிக் கேனையும் அவளே இறக்கிவைத்தாள். கெர்லிண்ட விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அசையாமல் நின்றதைக் குளிர் என்று நினைத்த ரோஸ்வித்தா, தன் சால்வையை எடுத்து அவள்மேல் போர்த்திவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ஓரத்தில் வெள்ளை வளையம் கட்டியிருந்தது. மதியத்துக்குள் நுரை முட்டைக்கோசுபோலச் சுருண்டு நடுவரை ஏறியது. அதன் தலையில் பழுப்பாக, கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசடு. எடுக்காமல் விட்டால் அது உள்ளேயே இறங்கி, பியர் வாயில் வைக்க முடியாதபடி கசந்துவிடும். கெர்லிண்ட பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கரண்டியை எடுத்து, ஓரத்திலிருந்து தொடங்கி வழித்தாள். வழித்து முடித்துத் தொட்டி விளிம்பைத் துணியால் துடைத்தாள்.

"அடுத்த நட்சத்திரத்துக்குக் கறிக்கடையில சொல்லணும்டி," படி முகப்பிலிருந்து ஹூபெர்ட் கேட்டார். "எத்தன பேருக்குன்னு சொல்லட்டும்?"

"போன தடவ மாதிரியே சொல்லுங்க," என்றாள்.