அடுப்புக்கு எதிரே ஒரு கதவு

எங்கள் மாடியில் பதினான்கு கதவுகள். எங்களுக்கு அடுத்த கதவுக்குள் ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த குடும்பம் ஒன்று இருந்தது. ஏழு பேர். ஜிப்சிகள் என்றுதான் மாடியில் சொல்வார்கள். தாங்கள் ரோமா என்று அந்த வீட்டு மருமகள் ஒருநாள் லிப்ட்டில் என்னைத் திருத்தினார். அதன் பிறகு நானும் அப்படியே சொன்னேன்.

மாத முடிவில் அவர்கள் வீட்டை விட வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் திருத்தவேலை என்று சொல்லியிருந்தார். வாடகை குறைந்த அரசாங்க வீட்டுக்கு அவர்கள் வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள். வீடு ஒதுக்கும் அரசாங்கக் கந்தோர் இரண்டு வீடுதான் காட்டும். இரண்டையும் வேண்டாம் என்றால் பெயர் வரிசையின் அடிக்குப் போய்விடும். முதல் வீடு சிறியது, மருமகளின் மாமா மாமியை வேறு கட்டடத்தில் விடச் சொன்னார்கள் என்று மறுத்துவிட்டார்கள். இப்போது இரண்டாவது. தன் ஆங்கிலம் போதாது என்று மருமகள் என்னைக் கூப்பிட்டார்.

“முழங்கால் ஏலாதெண்டு கோயிலுக்கு வரமாட்டியள். ஊராற்ற வீடு பாக்க ஸ்காபரோ மட்டும் போவியளோ?” என்றாள் மனைவி.

“போட்டு வாறன்” என்று சப்பாத்தைக் கொழுவினேன்.

மருமகளும் நானும் சப்வே, பிறகு இரண்டு பஸ் எடுத்தோம். இரண்டாவது பஸ்ஸில் ஹீற்றர் வேலை செய்யவில்லை. வீட்டைத் திறந்து காட்டிய, கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பரின்டென்ட் தமிழர்.

“வாங்கோ அண்ணை. நீங்களும் இவையின்ர ஆளோ?” என்று சிரித்தார்.

“பக்கத்து வீடு.”

“நல்ல வீடண்ணை. உப்பிடி ஒண்டு எங்கட சனத்துக்கே கிடையாது.”

மூன்று அறை, ஐந்து யன்னல். எல்லாவற்றையும் திறந்து பூட்டிப் பார்த்தேன். மருமகள் குசினி வாசலோடு நின்றுவிட்டார். கக்கூசின் கதவு குசினிக்குள் திறந்தது. நேர் எதிரே அடுப்பு, இடையில் நான்கு அடி. அப்படிப்பட்ட இடத்தில் சமைத்ததை மாமா வாயில் வைக்கமாட்டார், உறவினர் யாரும் வந்து சாப்பிடமாட்டார்கள் என்றார்.

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் ஊரிலும் கக்கூசு வளவின் கோடியில்தான். சூப்பரின்டென்டிடம் சொன்னேன்.

“விளங்குதண்ணை. எங்கட அம்மாவும் வந்த புதுசில உதைத்தான் சொன்னவ. பிறகு பழகீட்டா. இவையும் பழகுவினம்.”

“அடுப்பை மற்றச் சுவருக்கு மாத்தேலாதோ?”

“ஒரு ஆணி அடிக்கவே நான் கந்தோரைக் கேக்கோணும். டொக்டரின்ர கடிதம் இருந்தாப் பாப்பினம்.”

“உதுக்கு எந்த டொக்டர் கடிதம் தருவான்?”

“அதத்தான் நானும் சொல்லுறன்.”

மறுத்தால் என்ன ஆகும் என்பதை மருமகளுக்கு இரண்டு தரம் சொன்னேன். இடையில் திரை போடலாம் என்றும் சொன்னேன்.

“அங்கிள், உங்கள் மனைவி இங்கே சமைப்பாரா?”

யோசித்துப் பார்த்தேன். சமைப்பாள் என்றேன்.

“நான் சமைக்கமாட்டேன்” என்றார். குரல் உயரவில்லை. வெளியே போய் லிப்ட் பட்டனை அமத்தினார்.

“அப்ப இல்லையெண்டு போடவோ அண்ணை?”

“போடுங்கோ.”

மாத முடிவில் சாமான் ஏற்ற ஒரு வான் வந்தது. ஹமில்டனில் உறவினர் ஒருவரின் பேஸ்மென்டுக்குப் போகிறார்கள். சாமான்கள் இறங்குவதை மனைவி யன்னலால் பார்த்தாள்.

“ஏழு பேரும் ஒரு பேஸ்மென்டுக்கையோ?”

“ஓம்.”

“கக்கூஸ்?”

“மேல்மாடியில இருக்காம்.”

அவள் சோறு வடிக்கப் போனாள். வான் தெருமூலையில் திரும்பும்வரை நான் யன்னலடியில் நின்றேன். காற்று உள்ளே வந்தது. யன்னலைப் பூட்டினேன்.