மேகத்தைப் போட்டோ எடுத்தவன்

மரக்காணத்தில் உப்பு லாரி ஓட்டும் பவுல்ராஜுக்கு இன்னொரு வேலையும் உண்டு. போகிற வழியில் வானம் பார்த்துச் சொல்ல வேண்டும். குவித்த உப்பு நனைந்தால் கரைந்துவிடும் அல்லவா? புதுச்சேரிப் பக்கம் போகும் டிரைவரிடம் மேகத்தை விசாரித்த பிறகுதான் முதலாளி ஆரோக்கியராஜ் குவியலை மூட ஆள் விடுவார். முதல் ரிங்கிலேயே போனை எடுக்க வேண்டும். எடுக்காதவனுக்கு மறுநாள் லோடு கிடையாது.

பவுல்ராஜ் முகம் சுளித்ததில்லை. தன் மகள் ஆஷ்லினின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர் முதலாளி. இருபத்திரண்டு வருஷம் கீறல் இல்லாமல் ஓட்டிய தலைக்கனமும் இவனுக்கு இருந்தது.

போன சித்திரையில் ஒரு மத்தியானம் வாட்ஸ்அப்பில் முதலாளியின் குரல் வந்தது. "நீ சொல்றது ஒண்ணும் புரியல பவுலு. மேகத்த போட்டோ எடுத்து அனுப்பு. அதுக்குன்னு வண்டிய நிறுத்தாத, லேட்டாவுது."

கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது, ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்தான். அடுத்த நொடி, பால் ஊற்றிவிட்டு வீடு திரும்பிய கமலாம்பாளை லாரி அடித்துத் தள்ளியது. உயிர் பிழைத்தாள். வலது கால் போயிற்று.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த முதலாளியிடம் பவுல்ராஜ் அழுதான். "லைசென்ஸ் போனா என் பொழப்பே போச்சுண்ணே!"

ஆரோக்கியராஜ் தோளை அணைத்துக்கொண்டார். "ஸ்டேஷன்ல நான் பேசிக்கறேன். நீ வாயத் தொறக்காத." எவ்வளவு பாசம்! இவனும் நம்பினான்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் முன்னால் அவர் பேசத்தான் செய்தார். "வண்டி ஓட்டசொல்ல போனைத் தொடாதன்னு நூறு தபா சொல்லியிருக்கேன் சார். கேட்டாத்தானே."

பவுல்ராஜுக்கு ரத்தம் தலைக்கேறியது. "இன்னாண்ணே இது? நீங்கதானே போட்டோ கேட்டீங்க!"

போனைத் திறந்து காட்டினான். முதலாளியின் குரல் இருந்த இடத்தில், மெசேஜ் நீக்கப்பட்டதாக ஒரு வரி மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய ஒரு கை தன் தோளில் இருந்தபோது மறு கையில் போன் இருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மிஞ்சியது அவன் எடுத்த போட்டோதான். கறுத்த மேகம். கீழே ஓரமாக, காலி பால் கேனோடு ரோட்டில் இறங்கிவிட்ட கமலாம்பாள்.

"இத எடுத்தது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான் சார்." அதை அவனால் மறுக்க முடியவில்லை.

லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் முதலாளி குரலைத் தாழ்த்தினார். "ஆஷ்லின் படிப்ப நான் பாத்துக்கறேன்டா. அவ எனக்கும் பொண்ணுதானே."

"வேணாம். இனிமே எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதீங்க."

அன்றைக்கு மழையும் பெய்யவில்லை. ஆரோக்கியராஜின் உப்பில் ஒரு கல் கூடக் கரையவில்லை.