சின்னண்ணன் கேமரா மாற்றிய கதை

மல்லசமுத்திரம் சுற்றுவட்டாரத்தில் சின்னண்ணன் படம் பிடிக்காத கல்யாணம் கல்யாணத்திலேயே சேர்த்தி இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, திருச்செங்கோட்டில் லாரிக்குப் பெயிண்ட் அடித்து, அந்தக் கூலியில் பழைய கேமரா ஒன்றை வாங்கியவர். எவனிடமும் கைகட்டி நின்று தொழில் கற்றதில்லை. அப்பன் மாலை மாற்றியதையும் பிடித்து, மகன் மாலை மாற்றியதையும் பிடித்த கை அது. பட்டம் வாங்கியவர்களில் எத்தனை பேரால் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்?

அறுபத்தொரு வயதில் அவருடைய கேமரா நின்றுபோனது. உள்ளே கண்ணாடி வைத்த பழைய மாதிரி. அதற்குப் பாகம் வருவதில்லை, இனி கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ்தான் என்று ரிப்பேர்க்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

அதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொன்றும் நடந்திருந்தது. அது அவருக்கும் சேலத்துக் கண் டாக்டருக்கும் மட்டும் தெரியும். சர்க்கரை வலது கண்ணுக்குள் இறங்கிவிட்டது. நேராக நிற்கும் கதவு நிலை நடுவில் வளைந்து தெரிந்தது. எதிரில் நிற்பவரின் மூக்கும் வாயும் கலங்கின. இடது கண்ணும் ஆரம்பித்திருக்கிறது, ஊசி போட்டால் மேலும் கெடாமல் நிறுத்தலாம், போனது திரும்பாது என்றார் டாக்டர். சின்னண்ணன் வெளியே வந்து கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று மகளிடம் சொன்னார்.

மகள் ரஞ்சிதாதான் ஸ்டுடியோவில் ஆல்பம் போடுகிறவள். புதுக் கேமரா பார்க்க அவளும் கூட வந்தாள். சேலத்துக் கடையில் தனசேகர் இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தார்.

"அய்யா, இது உங்க பழைய கம்பெனியோடது. நடுவுல ஒரு அடாப்டர் போட்டா உங்க ஆறு லென்ஸும் உக்காந்துக்கும். ஆனா அந்தக் காலத்து லென்ஸுக்குள்ள மோட்டார் இல்லீங்க. போட்டோவோ வீடியோவோ, போகஸ் நீங்கதான் கையால திருப்போணும். இது வேற கம்பெனி. லென்ஸெல்லாம் புதுசா வாங்கோணும், இப்பத்திக்கு ரெண்டு போதும். ஆளோட கண்ணை இதுவே புடிச்சுக்கும். நடந்தாலும் உடாது."

"இதையே வாங்கிக்கலாங்கப்பா," என்றாள் ரஞ்சிதா.

"அதுவே எல்லாம் பண்ணுமுன்னா நான் எதுக்கு சாமி? மேடை முன்னாடி நிறுத்திப்போட்டு நான் பந்தியில போயி உக்காந்துக்கறேன்."

தனசேகர் சிரித்தார். ரஞ்சிதா சிரிக்கவில்லை. "போன ரெண்டு கல்யாணத்துலயும் பாதிப் படம் மங்கலா இருந்துச்சுப்பா."

"லென்ஸுல பூஞ்சை. தொடைச்சாச் செரியாயிரும்."

புதுக் கம்பெனிக் கேமராவை மகள் பக்கம் திருப்பினார். சின்னதாக ஒரு பச்சைக் கட்டம் தாவிப்போய் அவள் கண்ணில் உட்கார்ந்தது. தனக்கு வேண்டியது இதுதான் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஆறு லென்ஸையும் மூட்டை கட்டிவிட்டு இதை வாங்கினால், ஏன் என்று ஊர் கேட்கும்.

"கருப்பணார்கிட்டப் பூக் கேட்டுட்டு வாரேன்," என்று எழுந்துவிட்டார்.

கிணறு வெட்டுவதற்கும் பெண் எடுப்பதற்கும் அந்தப் பக்கத்தில் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியாக இலையில் பொதிந்து சாமி முன் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பது வழக்கம். கேமராவுக்குக் கேட்டவர் சின்னண்ணன் ஒருவர்தான். வெள்ளை வந்தால் புதுக் கம்பெனி, சிவப்பு வந்தால் பழையது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டார். பூசாரி அங்கமுத்து எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

"இன்னொருக்காப் போடுங்க."

மறுபடியும் வெள்ளை.

"நான் மனசுல செரியாக் கேக்கல. இன்னொருக்கா."

"ஏனுங்க, சாமி ரெண்டு தடவை சொல்லியாச்சு. உங்களுக்குப் புடிச்சது வர்ற வரைக்கும் கேக்கறதுன்னா, ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பையே வெச்சுரட்டுங்களா?"

"போடுங்க அங்கமுத்து."

மூன்றாவது சிவப்பு வந்தது. கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நேரே சேலத்துக்குப் பஸ் ஏறினார்.

பழைய கம்பெனிக் கேமராவைக் கையில் கொடுத்து, தனசேகர் அதில் ஒரு வசதியைக் காட்டினார். கையால் திருப்பும்போது, போகஸ் பட்ட இடத்தின் விளிம்பில் சிவப்புக் கோடு மின்னும். "கோடு நல்லாத் தெரியுதுங்களா? வேற கலர் வெக்கட்டுங்களா?"

"தெரியாம என்ன? இன்னைக்கும் ஊசியில நூல் கோக்கறவன் நான்."

வைகாசியில் நாச்சிமுத்து மகனுக்குக் கல்யாணம். போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் நாச்சிமுத்துவின் கல்யாணத்தையும் பிடித்தவர் சின்னண்ணன்தான். நாச்சிமுத்துவின் மனைவி அத்தாயிக்குக் கிட்னி இரண்டும் போய், ஆஸ்பத்திரியிலிருந்து நாற்காலியோடு கொண்டுவந்து மேடையில் உட்கார வைத்திருந்தார்கள்.

"அத்தாயிய நல்லாப் புடிங்க சின்னண்ணா. மத்தவங்க எப்பிடி உழுந்தாலுஞ் செரி."

"எங்கிட்டச் சொல்லோணுமா?"

இணைச்சீர் தொடங்கியது. மாப்பிள்ளையின் தங்கை கூறைச்சேலையைச் சுமந்து வந்து அண்ணன் பக்கத்தில் நின்றாள். அதைப் பார்த்து அத்தாயி ஒரு தடவை சிரித்தாள். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த துணி சிவப்புப் பட்டு, ஜரிகை வேலை. கேமராவின் சிவப்புக் கோடு அந்தச் சிவப்பில் கரைந்துபோனது. சின்னண்ணன் விரல் பழக்கத்தை நம்பித் திருப்பினார், விடாமல் அமுக்கினார்.

நாலாம் நாள் ரஞ்சிதா கூப்பிட்டாள். "அப்பா, இங்க வாங்க. பின்னாடி துணியில ஜரிகையை எண்ணலாம். அத்தாயி சின்னம்மா மூஞ்சி ஒரு படத்துலகூடத் தெளிவா இல்ல. வீடியோவும் அப்பிடித்தான்."

அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். அது தெளிவாக இருக்கிறதா, மங்கலாக இருக்கிறதா என்றே அவருக்குத் தெரியவில்லை.

"நல்லாத்தான இருக்குது," என்றார்.

ரஞ்சிதா அவரையே பார்த்தாள்.

"எத்தன நாளாங்கப்பா?"

"தை மாசத்துல இருந்து."

கல்யாணம் முடிந்த பதினோராம் நாள் அத்தாயி செத்துப்போனாள். மாலை போட ஒரு படம் கேட்டு ஆள் வந்தது. சின்னண்ணன் ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தானே போனார். கூட்டத்திலிருந்து நாச்சிமுத்துவைத் தனியே கூப்பிட்டார்.

"படம் ஒண்ணும் இல்ல நாச்சிமுத்து. எங் கண்ணு போயிருச்சு. தெரிஞ்சுதான் வந்து புடிச்சேன்."

"முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா வேற ஆளை உட்டிருப்பனே."

"அதுக்குத்தான் சொல்லல."

நாச்சிமுத்து கூட்டத்துக்குள் திரும்பிப் போனார். யாரோ செல்போனில் எடுத்த படத்துக்கு மாலை போட்டார்கள்.

"கேமராவக் குடுத்துட்டு அந்தக் கம்பெனியோடத வாங்கிக்கலாங்கப்பா," என்றாள் ரஞ்சிதா. "அது கண்ணைப் புடிச்சுக்கும்."

"புடிக்கும் சாமி. யாரு கண்ணைப் புடிக்கோணும்னு நான் பாக்கோணுமில்ல. அத்தன பேரு நிக்கற மேடையில யாரு சிரிக்கறா, யாரு அழுகறான்னு எனக்கு இப்பத் தெரியறதில்ல."

ஆவணியில் ஒத்துக்கொண்டிருந்த மூன்று கல்யாணத்துக்கும் அவரே போன் போட்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு பேர் சரி என்று வைத்துவிட்டார்கள். மூன்றாமவர் இளம்பிள்ளை ஊர்க்காரர், ஏனுங்க என்று கேட்டார். சின்னண்ணன் காரணத்தைச் சொன்னார்.